திரும்பி வந்த கவர்கள்: தபால் ஓட்டின் ஒரு சின்ன வரலாறு

போன ஆவணியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. மாமா ஒருத்தர் கட்டைப்பையோடு சமயநல்லூர் வீட்டுக்கு வந்தார். சொந்தம் எல்லாம் கிடையாது. அப்பாவோடு ஒரே ஷிப்ட்டில் வேலை பார்த்தவர், சின்ன வயசிலிருந்து மாமா என்றே கூப்பிட்டுப் பழக்கம். ஓய்வு பெற்ற தொழிலாளர்களின் சங்கம் ஒன்றில் நிர்வாகிகள் தேர்தல் நடந்துகொண்டிருந்தது. அவர்தான் தேர்தல் அதிகாரி. உறுப்பினர்கள் மதுரை, திண்டுக்கல், கோயம்புத்தூர், சென்னை என்று பிள்ளைகள் இருக்கிற ஊர்களில் சிதறிக் கிடப்பதால் ஓட்டு தபாலில்தான்.

பையைத் திண்ணையில் கவிழ்த்தார். முப்பதுக்கும் மேல் கவர்கள். எல்லாம் அனுப்பிய முகவரிக்கே திரும்பி வந்தவை.

"எத்தனைன்னு எண்ணி ஒரு தாள்ல எழுதிக் குடு மாப்ள. பரண்ல போட்டுர்றேன். வராதவன் ஓட்டு வராத ஓட்டுதானே."

எண்ண ஆரம்பித்தேன். ஒன்றில் 'வீடு பூட்டியுள்ளது'. ஒன்றில் 'இறந்துவிட்டார்'. இன்னொன்றில் 'விலாசம் போதாது'. அந்தக் கவரைத் திருப்பிப் பார்த்தேன். பேர் சரி, தெரு சரி. கதவு எண் இருக்கவேண்டிய இடத்தில் '03-டிசம்பர்' என்று அச்சாகியிருந்தது.

முகவரிப் பட்டியலைக் கணினியில் ஏற்றிக் கொடுத்தது நான்தான். 'நம்ம வீட்டுப் பையன் கம்ப்யூட்டர்காரன்' என்று என்னிடம் கொடுத்த வேலை அது. கதவு எண் 3/12 என்று அடித்ததை எக்செல் தேதி என்று எடுத்துக்கொண்டு 3-ஆம் தேதி டிசம்பர் ஆக்கிவிட்டது. 2/147 மாதிரி எண்கள் தப்பித்தன, அவற்றைத் தேதியாக மாற்ற முடியாது. 1/8, 3/12, 5/11 மாதிரி சின்ன எண்கள் மாட்டின. இருபது வருஷத்துக்கு மேல் மென்பொருள் எழுதிச் சம்பளம் வாங்குகிறவன் செய்திருக்கக் கூடாத தப்பு. சமயநல்லூர் முகவரிகளில் பிரச்சினையே வரவில்லை, ஏனென்றால் இங்கே தபால்காரர் பேரைப் பார்த்தே கொண்டுபோய்க் கொடுத்துவிடுவார். நகரத்துக்குள் போன கவர்கள்தான் திரும்பின. பையில் அப்படிப் பதினோரு கவர்.

ஓட்டு வந்துசேரக் கடைசி நாளுக்கு இன்னும் எட்டு நாள் இருந்தது. இந்தக் கவர்களை என்ன செய்வது என்று சங்க விதிப்புத்தகத்தைப் பார்த்தோம். ஒரு வரிகூட இல்லை. அன்றைக்கு ஆரம்பித்த தேடல்தான் இந்தப் பதிவு. என்ன செய்தோம் என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

கை தூக்கினால் போதும் என்றிருந்த காலம்

இந்தியாவின் முதல் முறையான தொழிற்சங்கம் என்று சொல்லப்படும் மதராஸ் லேபர் யூனியன் 1918 ஏப்ரல் 27-ல் சென்னையில் தொடங்கியது. பக்கிங்காம் அண்ட் கர்னாடிக் ஆலைத் தொழிலாளர்களுக்கான சங்கம். பி.பி. வாடியா தலைவர், செல்வபதி செட்டியாரும் ராமானுஜுலு நாயுடுவும் முன்னின்றவர்கள். அந்தக் காலத்துச் சங்கம் என்றால் ஆலை வாசலும் மைதானக் கூட்டமும்தான்.

மதுரையிலும் அதே கதை. ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் ஹார்வி மில், தொழிலாளர்களுக்காகக் கட்டிய ஹார்விபட்டி. ஒரே சங்கு, ஒரே வாசல். இப்படி ஒரே இடத்தில் கூடுகிற ஜனங்களுக்குத் தபால் ஓட்டு தேவைப்படாது. யார் வரவில்லை என்று பக்கத்து வீட்டுக்காரருக்கே தெரியும்.

1926-ஆம் வருடத்துத் தொழிற்சங்கச் சட்டமும் அந்த உலகத்துக்கு எழுதப்பட்டதுதான். நிர்வாகிகளை எப்படி நியமிப்பது, எப்படி நீக்குவது என்று ஒவ்வொரு சங்கமும் தன் விதிகளில் எழுதி வைத்திருக்கவேண்டும் என்று பிரிவு 6 சொல்கிறது. எப்படி எழுதவேண்டும் என்று சொல்லவில்லை. தபாலா, பெட்டியா, கை தூக்கலா, எல்லாம் சங்கத்தின் இஷ்டம். அந்தச் சட்டத்தின் இடத்தில் இப்போது தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பு 2025 நவம்பர் 21-ல் அமலுக்கு வந்திருக்கிறது. ஆனால் ஒரு சங்கத்தின் உள் தேர்தலில் கவர் திரும்பி வந்தால் என்ன செய்வது என்பது இன்னமும் அந்தச் சங்கத்தின் விதிப்புத்தகத்தைப் பொறுத்ததுதான்.

ஆலை மூடுகிறது, ஆட்கள் ஓய்வு பெறுகிறார்கள், மகன் வீட்டுக்கும் மகள் வீட்டுக்கும் போகிறார்கள். உறுப்பினர் என்பவர் பட்டியலில் ஒரு முகவரியாக மாறுகிறார். தபால் ஓட்டின் சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது.

1959: கவரை மாற்றியவர்கள்

தபாலும் தொழிற்சங்கத் தேர்தலும் சேர்ந்த கதைகளில் ரொம்பப் பிரபலமானது பிரிட்டனில் நடந்தது. எலக்ட்ரிகல் டிரேட்ஸ் யூனியன் என்கிற மின் தொழிலாளர் சங்கம். 1959-ல் பொதுச்செயலாளர் தேர்தல். பதவியில் இருந்தவர் ஃபிராங்க் ஹாக்ஸல், எதிர்த்து நின்றவர் ஜாக் பைர்ன். அறிவிக்கப்பட்ட முடிவு: ஹாக்ஸல் 19,611, பைர்ன் 18,577. வித்தியாசம் 1,034.

ஆனால் அந்த எண்ணிக்கைக்குள் 109 கிளைகளின் ஓட்டுகள் சேரவே இல்லை. கிளைகள் தங்கள் முடிவைத் தலைமை அலுவலகத்துக்குத் தபாலில் அனுப்பவேண்டும். தாமதமாக வந்தது என்று சொல்லி அவற்றைத் தள்ளுபடி செய்திருந்தார்கள். 'நாங்கள் நேரத்துக்குப் போட்டோமே' என்று கிளைச் செயலாளர்கள் சொன்னார்கள். 'கவரில் இருக்கிற முத்திரையைப் பாருங்கள்' என்றது தலைமை. முத்திரை உண்மையிலேயே தாமதமான தேதியில்தான் இருந்தது.

பைர்னும் ஃபிராங்க் சாப்பிள் என்பவரும் நீதிமன்றம் போனார்கள். 1961 ஜூன் மாதம் நீதிபதி வின் தீர்ப்புச் சொன்னார். நேரத்துக்கு வந்த கவர்களை எடுத்துவிட்டு, அந்தந்த ஊருக்கே ஆள் போய்த் தாமதமாகத் தபாலில் போட்ட வேறு கவர்களை அந்த இடத்தில் வைத்திருக்கிறார்கள். ஊர் முத்திரை சரியாக இருக்கும், தேதி மட்டும் பிந்தியிருக்கும். சதி நடந்தது நிரூபணமானது என்று சொல்லி, பைர்ன்தான் தேர்ந்தெடுக்கப்பட்டவர் என்று நீதிமன்றம் அறிவித்தது. அந்த வருடமே பிரிட்டிஷ் தொழிற்சங்கக் கூட்டமைப்பு அந்தச் சங்கத்தை வெளியேற்றியது.

இந்தக் கதையில் ஒன்றைக் கவனியுங்கள். 'இந்தக் கவர் செல்லாது' என்று முடிவெடுக்கிற அதிகாரம் போட்டியில் நிற்கிறவரின் கையிலேயே இருந்தது. அது ஒன்று போதுமானதாக இருந்தது. வந்துசேர்ந்த கவரையே இப்படிச் செய்ய முடியுமென்றால், திரும்பி வந்த கவரைப் பரணில் போடுவது எவ்வளவு சுலபம்!

பிரிட்டன் இதிலிருந்து பாடம் படிக்க ரொம்ப நாள் எடுத்துக்கொண்டது. 1980-களில் வந்த சட்டங்களும், அவற்றைத் தொகுத்த 1992-ஆம் வருடத்துச் சட்டமும் சங்கத் தலைமைத் தேர்தலைத் தபாலில்தான் நடத்தவேண்டும் என்றன. உறுப்பினரின் வீட்டு முகவரிக்கோ, அவர் எழுத்தில் கேட்ட வேறு முகவரிக்கோ சீட்டு போகவேண்டும். சங்கத்துக்குச் சம்பந்தமில்லாத ஆய்வாளர் ஒருவர் மேற்பார்க்கவேண்டும். பேர், முகவரிப் பதிவேட்டைச் சரியாக வைத்திருப்பதும் சங்கத்தின் சட்டக் கடமை. முகவரி தப்பாக இருந்தால் அது உறுப்பினரின் தலைவிதி என்று சங்கம் கையை விரிக்க முடியாது.

அமெரிக்காவின் இரண்டு பெட்டிகள்

அதே 1959-ல் அமெரிக்காவில் லாண்ட்ரம்-கிரிஃபின் சட்டம் வந்தது. சங்கங்களில் நடந்த ஊழலைப் பற்றி மெக்லெல்லன் கமிட்டி செனட்டில் நடத்திய விசாரணைகளின் விளைவு அது. தேர்தலுக்குக் குறைந்தது 15 நாள் முன்னால் ஒவ்வொரு உறுப்பினருக்கும் கடைசியாகத் தெரிந்த வீட்டு முகவரிக்கு அறிவிப்பு போகவேண்டும். வேட்பாளர் தன் பார்வையாளரை வைத்துக்கொள்ளலாம். ஓட்டுச்சீட்டு உட்பட எல்லா ஆவணங்களையும் ஒரு வருடம் பாதுகாக்கவேண்டும்.

எனக்குப் பிடித்தது சட்டத்தை விட, அதை நடைமுறைப்படுத்தும் தொழிலாளர் துறை சங்கங்களுக்குச் சொல்லும் ஒரு சாதாரண ஏற்பாடு. தபால் நிலையத்தில் ஒன்றில்லை, இரண்டு பெட்டி எடுங்கள் என்கிறது. ஓட்டுப் போட்ட கவர்கள் வந்து விழ ஒன்று. சேராமல் திரும்பும் கவர்களுக்கு இன்னொன்று. ஓட்டுப் பெட்டியை எண்ணும் நாள் வரை யாரும் தொடக்கூடாது. திரும்பும் கவர்ப் பெட்டியை இடையிடையே திறந்து பார்த்து, புது முகவரி விசாரித்து, மறுபடி அனுப்பவேண்டும்.

எங்களைப் போல மென்பொருள் எழுதுகிறவர்களுக்கு இது உடனே பிடிபடும். ஒன்று பூட்டி வைக்கவேண்டிய தரவு, இன்னொன்று உடனே கவனிக்கவேண்டிய பிழைப் பட்டியல். இரண்டையும் ஒரே பெட்டியில் போட்டால், பிழையைச் சரிசெய்யப் போகிறவர் கை ஓட்டின் மேலும் படும். ஓட்டைக் காப்பாற்றுகிறேன் என்று பூட்டி வைத்தால் பிழை கடைசி நாள் வரை தெரியாது. எங்கள் மாமா இரண்டுக்கும் சேர்த்து சங்க அலுவலக முகவரி ஒன்றையே கொடுத்திருந்தார்.

மறுபடி சீட்டு அனுப்பினால் ஒருத்தரே இரண்டு ஓட்டுப் போட்டுவிட மாட்டாரா? இதற்குத்தான் இரட்டைக் கவர். உள்ளே பேரில்லாத கவரில் சீட்டு. வெளிக் கவரில் பேரும் கையெழுத்தும். எண்ணும் நாளில் முதலில் வெளிக் கவரைப் பட்டியலோடு ஒப்பிடுவார்கள். ஒரே பேரில் இரண்டு இருந்தால் ஒன்றை மட்டும் ஏற்பார்கள். அப்புறம்தான் உள் கவர்களை எல்லாம் ஒன்றாகக் கலந்து பிரிப்பார்கள். பேரும் ஓட்டும் பிரிகிற இடம் அதுதான்.

நாடகக்காரர்களின் தபால்

சரி, நம்ம பக்கம் வருவோம். தமிழ்நாட்டில் தபால் ஓட்டு ஊரெல்லாம் பேச்சானது தென்னிந்திய நடிகர் சங்கத் தேர்தலில். சட்டப்படி அது சங்கங்கள் பதிவுச் சட்டத்தின் கீழ் வருவது, தொழிற்சங்கச் சட்டத்தின் கீழ் இல்லை. ஆனால் ஒரே தொழில் செய்கிறவர்களின் நலனுக்கான அமைப்பு என்பதால் நம் விஷயத்துக்கு இதைவிடப் பக்கத்தில் வேறு கதை கிடையாது.

வெளியூர்க்காரர்கள் நினைப்பது போல நடிகர் சங்கம் என்றால் சினிமாக்காரர்கள் மட்டும் இல்லை. மதுரை, புதுக்கோட்டை, திண்டுக்கல், கரூர், சேலம் பக்கத்து நாடக நடிகர்களும் அதில் பெரிய கூட்டம். வள்ளி திருமணமும் அரிச்சந்திர மயான காண்டமும் ராத்திரி முழுக்க நடத்துகிறவர்கள். தமிழ் நாடக உலகின் தலைமையாசிரியர் என்று சொல்லப்படும் சங்கரதாஸ் சுவாமிகள் 1918-ல் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையைத் தொடங்கியது இதே மதுரையில்தான். அதனால்தான் ஒவ்வொரு தேர்தலுக்கும் இரண்டு அணியும் மதுரைக்கு வந்து ஓட்டுக் கேட்கின்றன.

2015 அக்டோபர் 18 தேர்தலை எடுத்துக்கொள்ளுங்கள். தலைவர் பதவிக்கு நாசர் 1,344, சரத்குமார் 1,231. வித்தியாசம் 113. இந்த மாதிரிப் போட்டியில் நூற்றுச் சொச்சம் கவர் வழியில் தங்கினால் முடிவு மேலேயே சந்தேகம் விழுந்துவிடும்.

அடுத்த தேர்தல் 2019 ஜூன் 23. நாசர், விஷால் தலைமையில் பாண்டவர் அணி, பாக்யராஜ், ஐசரி கணேஷ் தலைமையில் சுவாமி சங்கரதாஸ் அணி. உறுப்பினர் பட்டியல் பற்றிய புகாரில் சங்கங்களின் பதிவாளர் தேர்தலை நிறுத்தச் சொன்னார். சென்னை உயர் நீதிமன்றம், ஓட்டுப்பதிவு நடத்தலாம், எண்ணக் கூடாது என்றது. ஓட்டுச்சாவடி கடைசி நேரத்தில் மயிலாப்பூர் புனித எப்பாஸ் பள்ளிக்கு மாறியது.

அந்தக் களேபரத்தில்தான் முதல் நாள் சாயங்காலம் ரஜினிகாந்தின் ட்வீட் வந்தது. 'தர்பார்' படப்பிடிப்புக்காக மும்பையில் இருந்தார். தபால் ஓட்டுச்சீட்டை முன்கூட்டியே பெற முயற்சி எடுத்தும் அன்றைக்கு மாலை 6.45-க்குத்தான் கைக்கு வந்தது, அதனால் ஓட்டுப் போட முடியவில்லை, இப்படி நடந்திருக்கக் கூடாது என்று வருத்தப்பட்டிருந்தார். மறுநாள் எல்லாப் பத்திரிகையிலும் அதுதான் செய்தி.

எனக்குத் தோன்றியது வேறு. ரஜினிக்குச் சீட்டு தாமதமானது ஊருக்கே தெரிந்தது, ஏனென்றால் அவர் ரஜினி. பங்குனி, சித்திரையில் தொடங்கி ஆடி வரை கோயில் திருவிழா நாடகங்கள். நடிகர் ஒரு ஊரில் விடியவிடிய அரிச்சந்திரனாக நிற்பார், காலையில் பஸ்ஸில் தூங்கிக்கொண்டே அடுத்த ஊருக்குப் போவார். ஜூன் 23 என்றால் ஆனி மாதம், சீசன் முடியாத நேரம். அவர் வீட்டுக் கதவைத் தபால்காரர் தட்டினால், கவரில் 'வீடு பூட்டியுள்ளது' என்றுதான் எழுதமுடியும். அவருக்கு ட்விட்டர் கிடையாது.

மிச்சக் கதை தெரிந்ததுதான். 2020 ஜனவரியில் தனி நீதிபதி அந்தத் தேர்தல் செல்லாது என்றார். 2022 பிப்ரவரியில் இரண்டு நீதிபதிகள் கொண்ட அமர்வு அந்தத் தீர்ப்பை ரத்து செய்து எண்ணச் சொன்னது. 2022 மார்ச் 20-ல் எண்ணினார்கள். நாசர் தலைவர், விஷால் பொதுச்செயலாளர், கார்த்தி பொருளாளர். ஓட்டுப் போட்டு 2 வருடம் 9 மாதம் கழித்து முடிவு. யாருக்கு ஓட்டுரிமை, பட்டியலில் யார் பேர் என்பதைத் தேர்தலுக்கு முன்னாலேயே எல்லாரும் ஏற்கும்படி முடிக்காவிட்டால், பெட்டி எத்தனை காலம் பூட்டிக் கிடக்கும் என்பதற்கு இது உதாரணம்.

விதி 26

இதையெல்லாம் படித்துக்கொண்டே போனபோது, நான் தேடியது நம் நாட்டிலேயே அறுபது வருஷத்துக்கு மேலாக எழுதி வைக்கப்பட்டிருப்பது கண்ணில் பட்டது. சட்டமன்ற, நாடாளுமன்றத் தேர்தல்களுக்கான 1961-ஆம் வருடத்துத் தேர்தல் நடத்தை விதிகள். அதில் விதி 26, ஓட்டுச்சீட்டை மறுபடி வழங்குவது பற்றியது. தபால் ஓட்டுச்சீட்டு எந்தக் காரணத்தாலாவது சேராமல் திரும்பி வந்தால், தேர்தல் அதிகாரி அதை மறுபடி தபாலில் அனுப்பலாம். அல்லது வாக்காளர் கேட்டுக்கொண்டால் அவரிடம் நேரிலேயே சேர்ப்பிக்கலாம்.

'எந்தக் காரணத்தாலாவது' என்பதைக் கவனியுங்கள். கவர் ஏன் திரும்பியது, யார் மேல் தப்பு என்று விதி கேட்கவில்லை. உரிமை இருக்கிறது, சீட்டு சேரவில்லை, சேர்க்க வழி செய். அவ்வளவுதான்.

அதே விதிகளில் இன்னொரு பக்கமும் இருக்கிறது. எண்ணிக்கை தொடங்கக் குறித்த நேரத்துக்குப் பிறகு வந்த கவரைப் பிரிக்கக் கூடாது. தனியாகக் கட்டி முத்திரை வைக்கவேண்டும். யாருடையது, ஏன் தாமதம், எவ்வளவு நியாயமான காரணம் என்ற பேச்சே இல்லை. கடைசி நேரத்துக்கு முன்னால் எவ்வளவு இளக்கமோ, பின்னால் அவ்வளவு கறார். ஒன்றுக்கொன்று முரண் மாதிரித் தெரியும், ஆனால் இல்லை. முன்னால் உதவுவது எல்லாருக்கும் ஒரே மாதிரி செய்யக்கூடியது. முடிவு எப்படிப் போகிறது என்று தெரிய ஆரம்பித்த பிறகு உதவினால் அது யாரோ ஒரு பக்கத்துக்கு உதவியாகிவிடும்.

இன்னொன்றும் நம் ஊர் ஓட்டுச்சாவடியிலிருந்தே எடுத்துக்கொள்ளலாம். வராதவர், இடம் மாறியவர், இறந்தவர் என்று ஏ.எஸ்.டி. பட்டியல் ஒன்று ஒவ்வொரு சாவடியிலும் இருக்கும். அதில் பேர் இருக்கிறது என்பதற்காக நேரில் வந்து நிற்கிறவரைத் திருப்பி அனுப்பிவிடுவதில்லை. அடையாளத்தைக் கூடுதலாகச் சரிபார்த்து ஓட்டுப் போட விடுகிறார்கள். பட்டியல் சொல்வது ஒரு சந்தேகம்தான், தீர்ப்பு இல்லை. கவரில் தபால்காரர் எழுதும் குறிப்பும் அதே மாதிரிதான்.

அனுப்பிவிட்டால் சேர்ந்ததாகிவிடுமா?

மாமாவின் கட்சியில் ஒரு வக்கீல் இருந்தார். 'சரியான விலாசம் எழுதி, தபால் செலவு கட்டி, பதிவுத் தபாலில் போட்டால் சேர்ந்ததாகவே சட்டம் எடுத்துக்கொள்ளும்' என்றார். 1897-ஆம் வருடத்து ஜெனரல் கிளாஸஸ் சட்டம், பிரிவு 27. செக் பவுன்ஸ் வழக்குகளில் தினமும் அடிபடுகிற பிரிவு. அவர் சொன்னது சரி. ஆனால் மூன்று இடத்தில் உதைக்கிறது.

முதலாவது, 'சரியான விலாசம்' என்பதுதான் அந்தப் பிரிவின் அஸ்திவாரம். '03-டிசம்பர்' என்ற கதவு எண்ணை வைத்துக்கொண்டு அந்தப் பிரிவின் பக்கமே போக முடியாது. இரண்டாவது, அது ஒரு அனுமானம்தான், மாறாக நிரூபித்தால் விழுந்துவிடும். சேராத கவர் நம் கையிலேயே இருக்கும்போது சேர்ந்ததாக வைத்துக்கொள்வது எப்படி?

மூன்றாவதுதான் முக்கியம். நோட்டீஸ் என்பது அனுப்புகிறவரின் கடமை. கடன்காரர் வேண்டுமென்றே கதவைப் பூட்டிக்கொண்டு தப்பிக்கக் கூடாது என்பதற்காக வந்த அனுமானம் அது. ஓட்டுச்சீட்டு வாங்குகிறவரின் உரிமை. யாரும் அதிலிருந்து தப்பிக்க ஒளிந்துகொள்வதில்லை. அங்கே பொருந்துகிற அனுமானத்தை இங்கே கொண்டுவந்தால், சங்கத்தின் வேலை தபால் நிலையக் கவுண்டரோடு முடிந்துவிடும்.

திண்ணைக்குத் திரும்பினால்

இத்தனையும் அந்த எட்டு நாளில் படித்ததில்லை, பாதி அப்புறம் படித்தது. ஆனால் விதி 26 மறுநாளே கிடைத்துவிட்டது. அதைத் தமிழில் எழுதிக்கொண்டு மாமாவிடம் போனேன்.

அதற்குள் இன்னொரு விஷயம் தெரிந்தது. ஒரு வேட்பாளர் ஏற்கெனவே சங்க அலுவலகத்தில் அந்தப் பையைப் பார்த்திருக்கிறார். திரும்பி வந்தவர்களில் தனக்கு வேண்டியவர்கள் யார் என்று குறித்துக்கொண்டு, 'அந்த நாலு பேருக்கு மட்டும் நான் நேரில் கொடுத்துடறேன்' என்று கேட்டிருக்கிறார். கெட்ட மனுஷன் இல்லை, நல்லெண்ணத்தில்தான் கேட்டார். ஆனால் மிச்சப் பேர்?

இரண்டு தரப்பையும் கூப்பிட்டு உட்கார வைத்தார் மாமா. நான் என் தப்பை முதலில் சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தம். அப்புறம் நாலு முடிவு எடுத்தோம். திரும்பிய கவர் ஒவ்வொன்றையும் தேதி, காரணத்தோடு ஒரு நோட்டில் எழுதி, அதன் நகலை இரண்டு தரப்புக்கும் ஒரே நேரத்தில் கொடுப்பது. புது முகவரி யார் கொண்டுவந்தாலும் ஏற்பது, ஆனால் சீட்டை அனுப்புவது தேர்தல் அதிகாரி மட்டுமே. மறுபடி போகிற வெளிக் கவரில் 'மறு அனுப்பல்' என்று குறிப்பது. கடைசி நாளை மாற்றக் கூடாது, ஏனென்றால் சரியான நேரத்துக்கு அனுப்பிய மற்றவர்களுக்குச் சொன்ன தேதி அது.

இறந்தவர்களின் கவர்களைத் தனியாக எடுத்து, குடும்பத்திடம் உறுதி செய்து பட்டியலிலிருந்து நீக்கினோம். பூட்டிய வீடுகளில் பாதிப் பேர் பிள்ளைகள் வீட்டில் இருந்தார்கள், போன் போட்டால் எடுத்தார்கள். என்னுடைய பதினோரு கவர்களை மறுபடி அச்சடித்து, அன்று மத்தியானமே மதுரை தலைமைத் தபால் நிலையத்துக்குப் பைக்கில் கொண்டுபோய் ஸ்பீடு போஸ்ட்டில் போட்டேன். செலவு என்னுடையது, யாரும் கேட்கவில்லை.

கடைசி நாளுக்குள் அந்தப் பதினொன்றில் ஒன்பது வந்துவிட்டன. பத்தாவது ஆள் ஓட்டுப் போடவில்லை, அது அவர் இஷ்டம்.

பதினோராவது ஆள் எண்ணிக்கைக்கு மறுநாள் வந்தார். எழுபத்தைந்து வயசு இருக்கும். பெரியார் நிலையத்திலிருந்து டவுன் பஸ் பிடித்து, சமயநல்லூரில் இறங்கி, வீடு விசாரித்து வந்திருந்தார். கையில் ஒட்டிய கவர். மகளுக்குப் பிரசவம் என்று தேனி போயிருந்தாராம். வந்து பார்த்தால் கவர் கிடந்தது, உடனே குறித்து ஒட்டிக் கொண்டுவந்துவிட்டார். தலைவர் பதவி ரொம்பச் சின்ன வித்தியாசத்தில் முடிந்திருந்தது, ஆனால் இந்த ஒரு ஓட்டு அதை மாற்றாது.

முதல் தடவையே கதவு எண் சரியாக இருந்திருந்தால் அவர் தேனி போவதற்கு முன்னாலேயே சீட்டு கையில் இருந்திருக்கும். தேதியைப் பார்த்தேன், சந்தேகமே இல்லை. இருந்தாலும், 'ஐயா, எண்ணி முடிச்சாச்சு, இனி பிரிக்க முடியாது' என்று நான்தான் சொல்லவேண்டியிருந்தது.

"அப்ப இது என்னாகும் தம்பி?"

"பிரிக்காம கட்டி சீல் வச்சிருவோம். உங்க பேரும், ஏன் லேட்டுங்கிறதும் நோட்டுல எழுதிருவோம். என் தப்புன்னுதான் எழுதுவேன்."

கொஞ்ச நேரம் கவரையே பார்த்துக்கொண்டிருந்தார். "எழுதுப்பா" என்று கொடுத்துவிட்டு, காபி கூடக் குடிக்காமல் பஸ்ஸுக்குப் போய்விட்டார்.

அந்த நோட்டு இப்போது சங்கத்தின் இரும்புப் பெட்டியில் இருக்கிறது. அடுத்த பொதுக்குழுவில் இந்த நடைமுறையை விதியாகச் சேர்க்க மாமா தீர்மானம் எழுதி வைத்திருக்கிறார். முகவரிப் பட்டியலில் கதவு எண் இருக்கிற பத்தியை 'எழுத்து' என்று மாற்றி, அடித்த பிறகு ஒவ்வொரு வரியையும் வாய்விட்டுப் படித்துச் சரிபார்ப்பது என் வேலை. நீங்கள் உறுப்பினராக இருக்கிற சங்கத்தின் விதிப்புத்தகம் வீட்டில் இருந்தால், தபால் ஓட்டு பற்றிய பக்கத்தை ஒரு தடவை எடுத்துப் பாருங்கள். கவர் திரும்பி வந்தால் என்ன செய்வது என்று அதில் ஒரு வரியாவது இருக்கிறதா?